வேலைக்கு ஒரு மெதுவான போன்

எனக்கு வேண்டியிருந்தது ஒரு மெதுவான போன். கோத்தகிரியில் இருந்துகொண்டு ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், தேயிலைத் தூள் விற்பவர்கள், யூகலிப்டஸ் தைலக் கடைக்காரர்கள், வர்க்கி பார்சல் அனுப்பும் பேக்கரிகள் என்று சின்னத் தொழில்களுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்வது என் பிழைப்பு. புது மாடல் எது வந்தாலும் நாலு பேர் என்னிடம் வந்து விசாரிப்பார்கள். நானும் ஆசையாகவே பேசுவேன். ஆனால் புது போனில் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் வழுக்கிக்கொண்டு வருகிறது. நான் கட்டிக்கொடுத்த பக்கம் எங்கே மூச்சு வாங்குகிறது என்பதை அது காட்டிக்கொடுப்பதே இல்லை.

லேப்டாப்பிலேயே சோதிக்கலாமே என்று கேட்கலாம். கூகுளின் லைட்ஹவுஸ் கருவி அதற்குத்தான் இருக்கிறது. மொபைல் சோதனைக்கு அது நொடிக்கு 1.6 மெகாபிட் வேகம், 150 மில்லிநொடி தாமதம், பிராசசர் வேகத்தில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். நல்ல கருவி, தினமும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் லேப்டாப்பை நான்கால் வகுத்தால் போன் வந்துவிடாது. ராம் போதாமல் பின்னணியில் இருக்கும் ஆப்பை மூடிவிடுவது, கையில் சூடாகி வேகம் குறைவது, மலை வெயிலில் திரை மங்குவது, தூறல் பட்ட விரலுக்குத் தொடுதிரை தாறுமாறாகக் குதிப்பது, இதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை.

மேசை இழுப்பறையில் 2017-ல் வாங்கிய போன் ஒன்று கிடந்தது. உலோக முதுகு, ஐந்தரை அங்குலத் திரை, 3 ஜிபி ராம், 4100 எம்ஏஎச் பேட்டரி, ஸ்னாப்டிராகன் 625 சிப். அந்தச் சிப் அந்தக் காலத்தில் நல்ல பேர் வாங்கியது. 14 நானோமீட்டரில் செய்தது, சூடாகாது, பேட்டரியைக் குடிக்காது. உள்ளே எட்டு கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு மூளைகள். எட்டும் கார்டெக்ஸ் ஏ53 என்ற சின்ன வகை. விளம்பரத்தில் எட்டு என்று பெரிதாகப் போடுவார்கள். இணையப் பக்கத்துக்கு அந்த எட்டால் பெரிய பயன் கிடையாது. பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பெரும்பாலும் ஒரே இழையில்தான் ஓடும், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரில். தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது ஒருவர் கடப்பாறை பிடிக்க ஏழு பேர் சுற்றி நிற்பார்களே, அந்தக் கதைதான். ஆகவே ஒற்றைக் கோரின் வேகம் என்ன என்பதே கேள்வி. ஏ53 கட்டளைகளை வந்த வரிசையிலேயே முடிக்கும்; ஒன்று காத்திருந்தால் பின்னால் இருப்பதும் காத்திருக்கும். இன்றைய விலை உயர்ந்த சிப்களில் உள்ள பெரிய கோர்கள் வரிசையை மாற்றிப் போட்டு அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கும். என் வேலைக்கு ஏ53 தான் தோது.

ஒரே சிக்கல், போனின் முதுகு எழும்பியிருந்தது. திரையின் இடது ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பேட்டரி உப்பிவிட்டது. சில காலம் வீட்டு ஹாட்ஸ்பாட்டாக இரவு பகலாகச் சார்ஜரிலேயே கிடந்த போன் இது. லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் நாளாக ஆகச் சிதைந்து வாயுவாகும். முழுச் சார்ஜில் நிறுத்தி வைப்பதும் சூடும் இதை விரைவுபடுத்தும். உறையோ வெறும் அலுமினியப் பை. அடைபட்ட வாயுவுக்கு வேறு போக்கிடம் இல்லை, உப்புகிறது.

இதைப் படித்துவிட்டு யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடக்கூடாது, அழுத்தி உள்ளே தள்ளக்கூடாது, குத்திக் காற்றை வெளியேற்றலாம் என்று நினைக்கவே கூடாது. பையில் ஓட்டை விழுந்தால் நேர் மின்தகடும் எதிர் மின்தகடும் ஒட்டி, சில நொடிகளில் புகையும் தீயும் வரும். நான் வேலை செய்தது திண்ணையில். பக்கத்தில் ஒரு பக்கெட் மணல். பேட்டரியில் சார்ஜ் துளியும் இல்லாமல் போன் தானே அணைந்துபோகும்வரை விட்டுவிட்டுத்தான் திறந்தேன். சார்ஜ் குறையக் குறைய, தீப்பிடித்தாலும் அதன் வீரியம் குறையும்.

பேட்டரி வாங்கக் குன்னூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டு ஏறி உள்ளே போனால் ஒரு சர்வீஸ் கடை. அங்கிருக்கும் அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குச் செலவு பண்றதுக்கு, கொஞ்சம் கூடப் போட்டுப் பழைய செட்டு நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாமேம்மா.”

“இல்லண்ணே, இது மெதுவா இருக்குங்கறதாலதான் வேணும்.”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் பேட்டரி இருந்தது. இரண்டு விதம் காட்டினார். ஒன்றில் 5000 எம்ஏஎச் என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தது, இன்னொன்றில் 4100. அதே அளவு பெட்டிக்குள் 900 கூடுதலாக எப்படி வரும்? “அது ஸ்டிக்கர்லதான் இருக்கும்” என்று அவரே சிரித்தார். 4100 போட்டதை எடுத்தேன், 650 ரூபாய். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொன்னேன். 3.86 வோல்ட். கிடங்கில் ஒழுங்காக வைத்திருந்த பேட்டரி ஏறக்குறையப் பாதிச் சார்ஜில் இந்த அளவு காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வாங்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே சேதம் தொடங்கியிருக்கும்.

திறப்பது பெரிய வித்தை இல்லை. சிம் தட்டை முதலில் எடுத்துவிட வேண்டும். சார்ஜர் ஓட்டைக்கு இரு பக்கமும் பொடித் திருகுகள். பிறகு கிட்டார் பிக் ஒன்றை விளிம்பில் நுழைத்து, சுற்றி வந்தால் கிளிப்கள் டக் டக்கென்று விடும். பேட்டரி உப்பியிருந்ததால் பாதி வேலையை அதுவே செய்து வைத்திருந்தது. கவனம் வேண்டிய இடம் ஒன்று. விரல்ரேகை சென்சார் பின்மூடியில் இருக்கிறது, அதிலிருந்து ஒரு மெல்லிய ஸ்ட்ரிப் மதர்போர்டுக்குப் போகிறது. மூடி விட்டது என்று சட்டென்று இழுத்தால் ஸ்ட்ரிப் கிழியும். புத்தகம் திறப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்த்து, முதலில் பேட்டரி கனெக்டர், அடுத்து அந்த ஸ்ட்ரிப் என்ற வரிசையில் கழற்றினேன். எந்த போனிலும் பேட்டரி கனெக்டர்தான் முதல். கரண்ட் இருக்கும்போது திருகாணி நழுவி எங்காவது உரசினால் போர்டு போயிற்று.

பழைய பேட்டரி இரட்டைப் பக்கப் பசை நாடாவில் உட்கார்ந்திருந்தது. இழுத்துவிட வைத்திருக்கும் நாடாவின் காது, எதிர்பார்த்தபடியே, பாதியில் அறுந்தது. இங்கேதான் பலர் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவார்கள், வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊசியில்லாச் சிரிஞ்சில் எடுத்து ஓரமாகச் சில சொட்டு விட்டு, பசை இளகக் காத்திருந்து, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு அறுப்பதுபோல் இழுத்தேன். ஹேர் டிரையர் உப்பிய பேட்டரிக்குக் கூடாது, சூடு ஆகாது அதற்கு. கொஞ்சம் நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது அது ஒரு சின்னத் தலையணை.

பேட்டரியைவிட எனக்குச் சுவாரசியமாக இருந்தது கீழே இருந்த சார்ஜிங் போர்டு. இந்த ஊரில் எந்த எலக்ட்ரானிக் பொருளைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பச்சை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் மலையின் கிழக்குச் சரிவு; ஐப்பசி, கார்த்திகை மழை நமக்குத்தான் பலமாக விழும். மழை விட்டாலும் மூடுபனி விடாது, ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். குளிரில் கிடந்த போனைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் காற்றிலிருக்கும் ஈரம் அதன் உலோகத்தின் மேல் பனித்துவிடும். உலோக முதுகு என்றால் இன்னும் வேகமாக. தண்ணீர் பட்டதைக் காட்டும் வெள்ளை ஸ்டிக்கர் உள்ளே லேசாகச் சிவந்திருந்தது, போன் ஒருநாளும் தண்ணீரில் விழாதபோதும். சார்ஜர் பின்களின் மேல் பச்சை படிந்திருந்தது. கடை அண்ணன்கள் இதைக் “கார்பன் புடிச்சிருக்கு” என்பார்கள். உண்மையில் செம்பு அரித்து வந்த உப்பு. 99 சதவீத ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். 70 சதவீதம் என்று மருந்துக்கடையில் கிடைப்பது வேண்டாம், மீதி முப்பதும் தண்ணீர். மெதுவாகத் தேய்த்து, உலரவிட்டு, மீண்டும் தேய்த்தேன். மைக் ஓட்டையில் அடைத்திருந்த பஞ்சையும் எடுத்தேன். முன்பு இந்த போனில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது என்று அம்மா சொல்வார், காரணம் அந்தப் பஞ்சு.

புதுப் பேட்டரியை ஒட்டி, கனெக்டர் போட்டு, மூடியை முழுதாக மூடாமலேயே ஒருமுறை ஆன் செய்து பார்த்தேன். திரை வந்தது, விரல்ரேகை வேலை செய்தது, பிறகுதான் கிளிப்களை அழுத்தினேன்.

எழுதியிருக்கும் கொள்ளளவு உண்மைதானா என்று பார்க்க யுஎஸ்பி மீட்டர் ஒன்று போதும், சார்ஜருக்கும் ஒயருக்கும் நடுவில் சொருகுவது. இதில் பலர் குழம்புவார்கள். மீட்டர் காட்டும் எம்ஏஎச் 5 வோல்ட்டில் அளந்தது. பேட்டரியின் மேல் எழுதியிருப்பது 3.85 வோல்ட்டில். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் நல்ல பேட்டரியையும் போலி என்று திட்டிக்கொண்டிருப்போம். இரண்டையும் வாட்-மணிக்கு, அதாவது மொத்த ஆற்றலின் அளவுக்கு மாற்ற வேண்டும். 4.1 ஆம்பியர்-மணியை 3.85-ஆல் பெருக்கினால் 15.8 வாட்-மணி. சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாவது போக நூற்றுக்கு 85 உள்ளே சேருகிறது என்று வைத்தால், காலியிலிருந்து நிறையும்வரை மீட்டர் 18.6 வாட்-மணி காட்ட வேண்டும். எனக்கு வந்தது 17.1. அப்படியானால் உள்ளே போனது 14.5, ஏறக்குறைய 3775 எம்ஏஎச். எழுதியதில் 92 சதவீதம். 650 ரூபாய்க்கு இது நேர்மையான பேட்டரிதான். அந்தத் தங்க எழுத்து 5000-ஐ வாங்கி அளந்து பார்க்க ஆசை இருக்கிறது, காசு செலவழிக்கத்தான் மனசு வரவில்லை.

குளிர்ச் சோதனையும் இந்த ஊரில் இலவசம். தை மாதம் ஊட்டி, தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். படமெடுக்கப் போனவர்களின் போன் 25 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணையும். உள்ளே வந்து சூடேறியதும் அதே 25 திரும்ப வரும். குளிரில் பேட்டரியின் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதற்கு உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, ஏறுகிறது. கேமரா ஒரேயடியாக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பேட்டரி பழசானாலும் உள்தடை ஏறும், ஆகவே பழசும் குளிரும் சேர்ந்தால் இரட்டைக் கேடு. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் இப்படி அணையாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஒப்புக்கொண்டது நினைவிருக்கலாம். போன் மெதுவாகிவிட்டது, புதுசு வாங்க வேண்டியதுதான் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள், பேட்டரி மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்று தெரியாமல். என் போன் பழைய பேட்டரியோடு அதிகாலையில் 40 சதவீதத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. இப்போது ஒற்றை இலக்கம்வரை தாங்குகிறது. உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் மட்டும் போட வேண்டாம். லித்தியம் உள்ளே நுழையாமல் தகட்டின் மேலேயே உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது.

புது போன்களில் என்னை உண்மையாகவே ஈர்ப்பது இந்தப் பேட்டரி விஷயம்தான். மடிக்கும் திரை, கேமராவில் மூன்று கண், ஏஐ என்று மேடையில் பேசுவதையெல்லாம் பார்க்கிறேன். என் தொழிலுக்கு மடிக்கும் போனால் வந்தது, விளம்பரப் படத்தை இன்னொரு அளவிலும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் 2023 முதல் சிலிக்கான்-கார்பன் பேட்டரி போன்களுக்குள் வரத் தொடங்கியது பெரிய மாற்றம். அதே தடிமனில் 6000, 7000 எம்ஏஎச். சிலிக்கான் லித்தியத்தை நிறையப் பிடித்துக்கொள்ளும், பிடிக்கும்போது மூன்று மடங்குக்கும் மேல் பருக்கும். அதை அடக்கத்தான் கார்பன் கலவை. உப்பிய பேட்டரியைக் கையில் பிடித்த பிறகு, ஐந்து வருடம் கழித்து இவை எப்படி இருக்கும் என்ற யோசனை வரத்தான் செய்கிறது. சில நிறுவனங்கள் ஏழு வருடம் மென்பொருள் அப்டேட் தருவதாகச் சொல்கின்றன, பிக்சல் 8-ம் கேலக்ஸி எஸ்24-ம் அப்படி வந்தவை. ஏழு வருடம் ஒரே பேட்டரி தாங்காது. எனவே கழற்ற எளிதாக இருக்கிறதா என்பதும் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்கும் போன்களின் பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதம் கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. பயனரே கழற்றக்கூடிய பேட்டரி பற்றிய விதி 2027 பிப்ரவரியில் வருகிறது. அங்கே வரும் மாற்றம் இங்கே விற்கும் மாடலிலும் இருந்தால் நமக்கு லாபம்.

மென்பொருள் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். போனோடு வந்தது ஆண்ட்ராய்டு 7. அதற்கு க்ரோம் 119-ஓடு நின்றுவிட்டது, 2025-ல் வந்த 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். சோதனைக்கு இன்றைய க்ரோம் தேவை என்பதால் பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரலின் பூட்டைத் திறந்து, பழைய போன்களுக்கும் புது ஆண்ட்ராய்டு தரும் இலவச மென்பொருளான லினேஜ் ஓஎஸ் ஏற்றினேன். என் மாடலுக்கு அது கிடைத்தது அதிர்ஷ்டம். பூட்லோடர் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், படங்களை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மாற்றிய போனில் வங்கி ஆப்கள் பல ஓட மறுக்கும். அதனால் யுபிஐ இதில் இல்லை, சோதனை போனுக்கு அது தேவையும் இல்லை. யுஎஸ்பி டீபக்கிங் ஆன் செய்து லேப்டாப்பில் இணைத்தால், போனில் திறந்திருக்கும் பக்கத்தில் எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று லேப்டாப் க்ரோமிலேயே பார்க்கலாம். இத்தனை பாடும் இதற்காகத்தான்.

முதலில் திறந்தது கட்டபெட்டு பக்கம் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு பெரியவரின் பக்கம். பக்கம் கட்டியது வேறொருவர், விளம்பரம் மட்டும் என் பொறுப்பு. பேஸ்புக்கில் விளம்பரத்தைத் தட்டுகிறார்கள், ஆனால் பக்கம் வந்து சேரும்முன் பாதிப்பேர் காணாமல் போகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. என் போனில் திறந்தேன், வெள்ளைத் திரை. டீ ஆற்றும் நேரம் கழித்துத்தான் மேலே இருக்கும் பெரிய படம் கீழ்நோக்கிப் பட்டை பட்டையாக இறங்கியது. புது போனின் கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள், 6 எம்பி. கணக்கு எளிது. நொடிக்கு 1.6 மெகாபிட் என்றால் 0.2 மெகாபைட். 6 எம்பி வர 30 நொடி. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அதே படத்தை 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி என்ற, இணையத்துக்கான பட வடிவில் சேமித்தேன், 140 கேபி. இந்தத் திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் யாராலும் சொல்ல முடியாது.

இங்கே இருப்பவர்களுக்கு அந்த 1.6 என்பது கற்பனை எண் அல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் வழியில் குஞ்சப்பனை சோதனைச் சாவடி. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயம் ஆன பிறகு, அங்கே வண்டியை ஓரங்கட்டி போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். அதே ஆட்கள்தான் அதே நிமிடத்தில் தங்குமிடத்தின் வழியையும் தேடுவார்கள். கையில் இருப்பது 5ஜி போனாகவே இருக்கட்டும். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை டவுனுக்குள் பறக்கும், மலை மடிப்பில் ஒரு வளைவு திரும்பினால் மறைந்துவிடும். 700, 850, 900 போன்ற தாழ்ந்த அலைவரிசைகள்தான் சரிவைச் சுற்றி வளைந்து வந்து சேரும். அவற்றில் வேகம் குறைவு, ஒரே கோபுரத்தை நம்பி மொத்தச் சாலையும் இருக்கும். மே மாத சீசனில் சிக்னல் கட்டம் முழுதாக இருந்தும் பக்கம் நகராது.

ஆனால் பெரிய கண்டுபிடிப்பு படத்தில் இல்லை, பதிவுப் படிவத்தில் இருந்தது. பெயர், தேதி, எத்தனை பேர் எல்லாம் நிரப்பி, கடைசியில் அடையாள அட்டையைப் படமெடுத்து ஏற்றச் சொல்கிறது. ஏற்று என்பதைத் தட்டினேன், கேமரா திறந்தது, படமெடுத்துத் திரும்பினேன். படிவம் காலி. மறுபடி நிரப்பினேன், மறுபடி காலி. கேமரா ராம் கேட்டதும், 3 ஜிபிக்குள் இடமில்லாமல் ஆண்ட்ராய்டு க்ரோமை மூடிவிட்டது. திரும்பி வந்தபோது பக்கம் புதிதாக ஏறியிருக்கிறது. 12 ஜிபி போனில் இது பெரும்பாலும் நடக்காது. லைட்ஹவுஸும் இதைச் சொல்லாது. எத்தனை பேர் இந்த இடத்தில் எரிச்சலாகி, பேசாமல் வேறு இடம் பார்த்துப் போனார்களோ. நிரப்ப நிரப்ப உலாவியிலேயே சேமித்து வைக்கும்படி சில வரிகள் எழுதினோம். அடையாள அட்டையைப் படிவத்திலிருந்தே எடுத்துவிட்டு, வந்து சேரும்போது காட்டினால் போதும் என்று மாற்றினோம். இரண்டாவதுதான் சிறந்த தீர்வு, ஒரு வரி நிரல்கூட இல்லாதது.

சின்னச் சின்னதாக இன்னும் கிடைத்தன. தமிழ்ப் பக்கத்துக்கென்று தனி எழுத்துரு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ் ஏற்கெனவே இருக்கிறது, தூக்கிவிட்டோம். இளஞ்சாம்பல் நிற எழுத்து மடிக்கணினியில் நாகரிகமாக இருந்தது, இங்கே நடுப்பகல் வெயிலில் வெறும் தாள். வாட்ஸ்அப் பட்டன் கொண்டுவரும் ஒரு துணைக்கருவி, அரட்டைப் பெட்டி, இன்ஸ்டாகிராம் படவரிசை என மூன்றும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை இழைக்குள் முண்டியடித்தன. தேதியைத் தட்டினால் ஒரு நொடி கழித்தே நாள்காட்டி திறந்தது. தட்டியதற்கு 200 மில்லிநொடிக்குள் திரை அசைய வேண்டும் என்பது 2024 மார்ச்சிலிருந்து கூகுளின் அளவுகோல். அரட்டைப் பெட்டியைக் கழற்றினோம். வாட்ஸ்அப்புக்கு ஒரு சாதாரண இணைப்பு போதும்.

பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, தகர டப்பாவில் மணல் போட்டு வைத்திருக்கிறேன். குப்பையில் போட்டால் லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி இவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அடுத்த தடவை கோயம்புத்தூர் போகும்போது மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

பெரியவரிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாற்றுவதற்கு முந்தைய பக்கத்தை முதலில் திறந்து கையில் கொடுத்தேன். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது போன் கோளாறா, பக்கம் கோளாறா?”

“போன் இப்பத்தான் சரி பண்ணதுங்க சார்.”

புதியதைத் திறந்தபோது முகம் மலர்ந்தது. படம் மாற்றியது, படிவம் மாற்றியது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேலே ஓடிக்கொண்டிருந்த ட்ரோன் வீடியோவை எடுத்துவிட்டோம் என்றதும் நின்றுவிட்டார். தேயிலைத் தோட்டத்தின் மேல் பறந்து போய் ரங்கசாமி மலை முகடு தெரியும் காட்சி, காசு கொடுத்து எடுத்தது. அது இல்லாமல் பக்கமா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அறையைவிட அந்தக் காட்சிக்காகத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். ஆகவே வீடியோ இருக்கும், தானாக ஓடாது என்று முடிவானது. அதிலிருந்து ஒரு படம், நடுவில் முக்கோணம், தட்டினால் மட்டும் இறங்கும். கீழே “வீடியோ, 14 எம்பி” என்று எழுதச் சொன்னவர் அவரேதான். டேட்டா தீர்ந்தால் தன் பேரன் படும் பாடு அவருக்குத் தெரியுமாம். ஆங்கிலப் பக்கத்துக்கு அந்த வரியை மகள் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.